ஒற்றைக் கொம்பு ஐஸ்கிறீம் யானை

மயிலிட்டிக்குப் போகும் வழியில் ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அக்கா மடியில் வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ்கிறீம் யானை குந்தியபடியே இருந்தது; பிஸ்கட்டில் செய்த கொம்புகளில் ஒன்று மட்டும் முறிந்துவிட்டது. "ஒரு கொம்புதானே, ஆர் பாக்கப்போகினம்" என்றார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. இணுவிலில் நான் வேலைசெய்த ஐஸ்கிறீம் கூல்பாரின் முதலாளி. பிள்ளைகள் போனில் காட்டூன் பார்த்துப் பழகிய பிறகு வட்டக் கேக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முயல், டைனோசர் என்று படத்தோடு வந்து நிற்பார்கள். அக்கா எல்லாவற்றையும் ஐஸ்கிறீமில் செய்வார், முகம்தான் கொஞ்சம் முன்பின்னாக வரும். அவருடைய முயலைக் கழுதை என்று சொல்லி ஒரு பிள்ளை அழுததும் உண்டு.

இந்த யானையைச் சொல்லிவைத்தவர் கட்டாரில் வேலைசெய்யும் ஒரு தகப்பன். கைக்குழந்தையாக விட்டுப்போன மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். போனில் அவர் முகத்தைக் கண்டால் அவள் தாய்க்குப் பின்னால் ஒளிந்துவிடுவாளாம். "ஆனையெண்டா அவளுக்கு உயிர். கேக்கைக் கண்டாவது என்னோடை ரெண்டு வார்த்தை கதைப்பாள், அக்கா" என்றார். அன்றைக்கு அக்காவுக்கு வேறு வேலை ஓடவில்லை. கேக்கைக் கொண்டுபோகவும் தானே புறப்பட்டார்.

பிறந்தநாள் வீட்டில் நாங்கள் யானையை மேசையில் வைத்ததும் பிள்ளையின் பெரியம்மா கத்தியை வாங்கிவிட்டார். "ஒற்றைக் கொம்பு, தொந்தி, குந்தின இருப்பு. உது பிள்ளையாரெல்லோ? கத்தி வைக்கக்கூடாது." தாய் கையைப் பிசைந்தாள். போனில் தகப்பனின் முகம் வாடிப்போயிற்று. பிள்ளை வழக்கம்போலத் தாயின் பின்னால். எனக்குப் பெரியம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா ஆறுதலாகக் கதிரையை இழுத்து இருந்தார். "வெட்டத்தானே கூடாது. மஞ்சள் பிள்ளையாரைப் பூசை முடியக் கரைக்கிறமெல்லோ? உவரும் தன்பாட்டிலை கரையட்டும்." பெரியம்மா கத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அக்கா போனைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். "அப்பாவுக்கு அங்கையிருந்து வடிவாத் தெரியாது, குஞ்சு. என்ன நடக்குதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

முதலில் முணுமுணுப்புத்தான். "காது விழுந்திட்டுது." "எந்தக் காது?" என்றார் தகப்பன். பிறகு தும்பிக்கை, பிறகு தொந்தி. யானை தட்டில் பாலாகும்வரை அவள் வாய் ஓயவில்லை. நடுவில் பூனைக்குட்டியின் கதையும் வந்தது. தகப்பன் "ஓம் அம்மா, ஓம்" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அச்சில் வார்த்த ஐஸ்கிறீம் கேக்குகள் வருகின்றன. கண், மூக்கு எல்லாம் படத்தில் உள்ளபடியே. அக்கா கடையை விட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். புதிய கேக்குகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அக்காவைத் தேடும், அந்த வீட்டு மேசையைத் தேடும்.

அன்றைக்குக் கரைந்ததைப் பெரியம்மாதான் கிண்ணங்களில் வார்த்துத் தந்தார். பிள்ளை முதல் கரண்டியைத் தான் குடிக்கவில்லை. போனுக்கு முன்னால் நீட்டி, "அப்பா, ஆ காட்டுங்கோ" என்றாள்.

கட்டாரில் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.