ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டு: ஒரு மைக்ரோவேவ் தேர்ந்தெடுத்த கதை

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு பிடித்தால் சமையலறை இருக்கும், பெரும்பாலும் அதற்குள் ஒன்றும் இருக்காது. முன்னால் குடியிருந்தவர் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் திருகாணி ஒன்று விடாமல் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். சுவரில் ஒரு குழாய் முனையும் சில மின்கம்பிகளும் நீட்டிக்கொண்டிருக்கும். கள்ளக்குறிச்சியில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் மிஞ்சிப்போனால் பல்பைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதற்கே வீட்டுக்காரர் ஒரு வருஷம் திட்டுவார். ஸ்டுட்கார்ட்டில் எங்களுக்குக் கிடைத்த மூன்றாவது வீட்டின் மொட்டைச் சுவருக்கு முன்னால் நானும் என் மனைவி கவிதாவும் நின்றோம். இந்த முறை எல்லாமே சுவரோடு சுவராகப் பதித்ததாக இருக்க வேண்டும், முக்கியமாக மைக்ரோவேவ், மேடை மேல் ஒன்றும் உட்காரக் கூடாது என்று நான் அறிவித்தேன். சமைப்பது அவள், அறிவிப்பது நான் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு.

சமையலறைக் கடையில் எங்களுக்கு வாய்த்தவர் கணினியில் படம் போட்டுக் காட்டும் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அதற்குள் நான் நாற்பது மைக்ரோவேவ்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். கிரில் உள்ளது, நீராவி உள்ளது, தட்டு சுற்றுவது, தட்டே இல்லாதது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சோற்றைச் சூடாக்குவோம் என்றேன். "வேறு?" குழம்பைச் சூடாக்குவோம். அவர் பேனாவை எடுத்து என் அட்டவணையில் முக்கால்வாசியை அடித்துவிட்டார். அடுத்து, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றார். சோற்றுப் பாத்திரத்தை இடது கையால் எடுக்கக் கூடாது, அதனால் வலது கைக்கு வாகாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் என் இடது கையை ஒரு கணம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கை வழங்காதவர்களுக்கென்றே கதவு கீழ்நோக்கித் திறக்கும் மாடல் ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாங்க உதவிகூடக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். கவிதா சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்பெட்டிகள் இருக்கும் பக்கம் போய்விட்டாள். கடையை விட்டு வெளியே வரும்வரை இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பதிப்பதற்கான மாடம் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் அகலம், முப்பத்தெட்டு உயரம், ஐம்பத்தைந்து ஆழம் என்று முடிவானது. ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பெட்டி உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படம் எடுத்து ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அண்ணன் அப்போதுதான் புது வீடு கட்டத் தொடங்கியிருந்தார். "உனக்கு இந்த வூட்ல இன்னா வேணுமோ சொல்லிடு" என்று ஏற்கெனவே கேட்டிருந்தார். எனக்கு இதே மைக்ரோவேவ் வேண்டும் என்று சொன்னேன்.

அந்த ஆசைக்குப் பின்னால் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் கோடையில்தான் அப்பா இறந்திருந்தார். கொரோனா காலம். விமானங்கள் நின்றிருந்தன. அப்பாவை எடுத்துக்கொண்டு போனதை யாரோ பிடித்திருந்த செல்பேசியில்தான் பார்த்தேன். பிடித்தவர் பாதி வழியில் அழுததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தென்னை மரங்களும் வானமும்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கும் போகவில்லை. அம்மா முன்பே போய்விட்டதால், அந்த வீட்டில் என்னை மகன் என்று சொல்ல இனி ஆள் கிடையாது. ஊரில் என் பேச்சு எப்படி அடிபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த வீட்டில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்கப் பயந்துகொண்டு, இடத்தின் அளவை சென்டிமீட்டரில் எழுதி அனுப்பினேன்.

படத்தை நானே வரைந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில், நெஞ்சு உயரத்தில், ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டு மாடம். உள்ளே வலது மேல் மூலையில் ஒரு பிளக் பாயிண்ட். பின்னால் காற்று போகத் துளை. உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும், ஈரம் ஏறக் கூடாது. வாய் சமையலறைப் பக்கம் திறக்க வேண்டும், பின்பகுதி கூடத்து மாடிப்படிக்கு அடியில் மறைந்துவிடும். மூன்று கோணங்களில் மூன்று படங்கள், அம்புக்குறிகளோடு. வேலை செய்த மேஸ்திரி கருணாபுரத்துக்காரர். காணொளியில் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கவர்மெண்டு ஆபீசுக்கு பிளான் போட்ட மாறி இருக்குது" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மைக்ரோவேவைச் சென்னையில் ஒரு கடையில் ஆர்டர் செய்து பணமும் கட்டிவிட்டேன். பெட்டி வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறுபடியும் போராட்டம் தொடங்கியிருந்த நேரம் அது. மறியல், வண்டி நகரவில்லை, இரண்டு நாள் பொறுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒரு பொட்டி மெட்ராஸ்ல இருந்து வர்றதுக்கு இவ்ளோ ரகளையா? இந்த ஊரு எப்பதான்ணா திருந்தும்?" என்றேன். பின்னால் நிறைய பேர் பேசும் சத்தம் கேட்டது. அண்ணன் அப்போது கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக அதே இட ஒதுக்கீட்டு மனுவோடு நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சத்தம் போடவில்லை.

"அன்னிக்கி அப்பா ரோட்ல ஒக்காந்தாரு. அதாலதான் நீ அங்க ஒக்காந்துகினு பொட்டி வர்லன்னு கேக்குற. வையி போன."

முதல் போராட்டத்தின்போது நான் மூன்றாம் வகுப்பு. சேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு நினைவிருப்பதெல்லாம், விழுந்து கிடந்த மரத்தின் கிளையில் உட்கார்ந்து பஸ் ஓட்டி விளையாடியதுதான். தோளில் துண்டோடு போன அப்பாவைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாடியோடு வந்தார். மாட்டுக்குத் தவிடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, களி கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் பேசவில்லை. ஒன்பது வருஷம் கழித்து எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் பிரிவுக்கு ஒதுக்கிய இடங்களில் கடைசிக்கு முந்தைய இடம். மதிப்பெண் அட்டையை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பொதுப் பட்டியலில் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஸ்டுட்கார்ட்டில் தமிழ் நண்பர்கள் கூடும் விருந்துகளில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால், நான் ஐஸ்கட்டி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். அந்த நண்பர்கள் வட்டத்தில் எந்த வீட்டில் ஐஸ் எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டால் சரியாகச் சொல்வேன்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு" என்றார். சில நாளில் பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மாடத்தைக் காட்டச் சொல்லி எத்தனை முறை கேட்டாலும் "நேர்ல வந்து பாரு" என்பதுதான் பதில். புதுமனை புகுந்த மறுநாள் அத்தை, அப்பாவின் தங்கை, போனில் வந்தார். அப்பா இறந்ததிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவர். எடுத்ததும் அழுதார்.

"நல்ல புள்ளடா நீ. அம்மாந் தூரத்துல இருந்துகினு அளவு போட்டு அனுப்பிச்சியாமே. பொக போறதுக்குக்கூட வழி வுடச் சொன்னியாமே கண்ணு."

மைக்ரோவேவுக்காக அழும் அத்தை எனக்கு வாய்த்திருக்கிறாரே என்று ஒரு பக்கம் ஆச்சரியம், இன்னொரு பக்கம் அவர் பேசிவிட்டாரே என்ற சந்தோஷம். "அதுல பொக வராது அத்த, எல்லாம் கரண்டுதான்" என்று தைரியம் சொன்னேன். "கரண்டு வெளக்குதான் நல்லது, எண்ணெ கொட்டாது" என்று அவரும் எனக்குத் தைரியம் சொன்னார். வயதானவர், ஏதோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். குழம்பிப் போயிருந்தது யார் என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது.

விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கி, நான் போய் இறங்கியபோது அண்ணி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். உள்ளே நுழைந்ததும் கூடத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில், என் மாடம். வாய் கூடத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. பின்பகுதி சமையலறைக்குள் ஒரு பெட்டியாகத் துருத்திக்கொண்டிருந்தது. உட்புறம் முழுக்க வழவழவென்று கறுப்புக் கிரானைட். வலது மேல் மூலையில் நான் கேட்ட பிளக் பாயிண்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. நான் கேட்ட துளை வழியாக ஊதுவத்திப் புகை ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சந்தன மாலையோடு அப்பா இருந்தார். ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டு, ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.

என்னைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த மாடத்தைக் காட்டி என்னைப் புகழ்ந்தார்கள். "பெரியவன் கூட இருந்து பாத்தான், சின்னவன் அங்கேருந்து எடம் பண்ணான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்தை என் கன்னத்தைத் தடவி விரலை முத்திக்கொண்டார். இல்லை, அது சோறு சூடாக்குகிற பெட்டிக்காகப் போட்ட அளவு என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் யாரோ அதில் மைசூர்பாகு வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் அண்ணன் வெள்ளிமலைச் சந்தையில் வாங்கிய சாமையைக் காய வைத்து அள்ளிக்கொண்டிருந்தார். மேற்கே கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. நானும் குந்தி உட்கார்ந்து அள்ளினேன். "ணா, அந்தப் படத்த தப்பா புரிஞ்சிகினியா?" என்று மெதுவாகக் கேட்டேன். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மைக்ரோவேவ்னா இன்னான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சேலத்துல மச்சான் வூட்ல இருக்குது."

"அப்பறம்?"

"கருமாதிக்கி வந்தவன் பூரா உன்னதான் கேட்டான். பிளேன் இல்லன்னு எத்தினி பேருக்குச் சொல்றது? அப்பறம் பிளேன் வுட்டாங்க. அப்பவும் நீ வர்ல. ஒரு அளவுதான் அனுப்பிச்ச. பொட்டிக்கி அளவு அனுப்பிச்சான் என் தம்பின்னு ஊர்ல எப்பிடிடா சொல்வேன்? அப்பாவுக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் சொன்னது உண்மை. சிறப்பு விமானங்கள் விட்டார்கள். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம், நோய் பிடித்துக்கொள்ளுமோ என்று பயம். அந்தப் பயத்தைத்தான் நாற்பது வரிசை அட்டவணையாகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என் மேல் ஒரு வார்த்தை கோபப்படாமல் மொத்த ஊரிடமும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். சாமையில் கை வைத்தபடியே அழுதேன். "தண்ணி வுடாத, இப்பதான் காஞ்சிது" என்றார் அண்ணன்.

கிளம்பும் நாளில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். அப்பாவின் படம் சட்டத்தோடு சேர்த்து முப்பது சென்டிமீட்டர் அகலம்தான். மாடத்தில் மீதி இருபத்தாறு காலியாக இருந்தது. எதிர்வீட்டில் என்றால் அதில் ஒரு குங்குமச் சிமிழோ கரண்ட் பில்லோ வந்து உட்கார்ந்திருக்கும். அண்ணியிடம் கேட்டேன். "எதனா வெக்கலாம்னு நானும் சொன்னேன் தம்பி, உங்கண்ணன்தான் வேணான்ட்டாரு. அவன் அளந்த எடம், அவனே வந்து வெக்கட்டும்ன்றாரு" என்றார். என்ன வைப்பது? மைக்ரோவேவ் நுழையாது, அது மாடி அறையில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பவன் படத்தை வைக்க எங்கள் பக்கம் ஒப்ப மாட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் யோசிக்கிறேன். அண்ணன் அவசரப்படுத்துவதில்லை. காலையில் அப்பாவின் படத்தைத் துடைக்கும்போது அண்ணி அந்த இருபத்தாறு சென்டிமீட்டரையும் சேர்த்துத் துடைத்து விடுகிறாராம்.