டில்லிக்குப் போய்வந்த புடவை

திரும்பி வந்த புடவையில் சந்தனம் மணத்தது. மடிப்பைப் பிரித்தபோது முந்தானை ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறையும் தெரிந்தது. எழுபதுகளின் கடைசி, ஆரணியில் நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டும் ஜரிகையும் கொடுத்து அப்பாவை நெய்யவைத்த முதலாளி, அந்த அரக்குப் புடவையை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார். முந்தின நாள் ஏரோப்ளேனில் டில்லிக்கே கொண்டுபோய்க் காட்டினாராம். நெசவு மட்டம் என்று அங்கே கழித்துவிட்டார்களாம். இனி அப்பாவின் தறிக்குப் "பாவு", அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், கிடையாதாம். ஒரு முதலாளி கழித்த கையை இன்னொரு முதலாளி தொடமாட்டார்.

அப்பா சண்டை போடவில்லை. "டில்லிக்காரன் சந்தனக் கையோடவா பொடவ பாத்தான்?" என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டதோடு சரி. பிறகு தறிக்குழியில் இறங்கி, நூலில்லாத தறியின் மிதிமேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வேலூர் பஸ், செய்யாறு பஸ் எல்லாம் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் ஓடும் என்பது எங்கள் தெருவுக்கே மனப்பாடம். ஏரோப்ளேன் மட்டும் ஏறியவுடன் இறங்கிவிடுவது என்று எல்லோரும் நம்பினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்து வரைபடத்தில் மெட்ராசிலிருந்து டில்லிக்கு ஒரு கழிவு இழையை நேராக இழுத்து, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். படிப்பகத்து இங்கிலீஷ் பேப்பரில் விமானம் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் இருந்தன. இரண்டரை மணி நேரத்துக்குக் குறையவில்லை.

நெய்தவர்கள் புடவை கொண்டுவரும் சனிக்கிழமை முதலாளியின் கடைக்குப் போனேன். ஏரோப்ளேன் கதையைச் சொல்லும்படி பணிவாகக் கேட்டேன். அவருக்கு அது பிடித்த கதை.

"காலைல ஆறு மணி மெட்ராஸ் பஸ்ஸ புடிச்சேன். ஏரோப்ளேன்ல குந்துனேன், ஜல்தியா டில்லி. சாயந்திரம் ஆறு மணிக்கு இங்க டீ குடிச்சிகினு இருந்தேம்மா."

"பஸ்ஸுக்குப் போக வர எட்டு மணி நேரம்ங்க. ஏரோப்ளேனுக்கு அஞ்சு. பதிமூணு ஆச்சு. நீங்க பன்னெண்டுலயே வந்துட்டீங்களே. பொடவைய எப்பங்க விரிச்சிக் காட்டினீங்க?"

பேப்பரிலிருந்து எழுதிவந்த தாளை அவர்முன் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. மூலையில் இருந்த நெசவாளி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கி தேவிகாபுரத்துல இவரு மச்சினன் கல்யாணம். அரக்குப் பொடவ கட்டிகினு இவரு சம்சாரம் பந்தி விசாரிச்சிகினு இருந்தாங்களே."

"ஜெட்டு எறங்கிடுச்சுப்பா" என்றார் வேறொருவர். கடை சிரித்தது.

அடுத்த வாரமே வேறொரு முதலாளி அப்பாவுக்குப் பாவு கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. பழைய முதலாளிக்கு "ஜெட்டு" என்ற பெயரை வைத்தது யாரோ, ஊரெல்லாம் கொண்டுபோனவள் நான். தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்; அவர்கள் வளர்ந்ததும் அடுத்த பிள்ளைகளுக்கு. எண்பதுகளில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "போதும்மா" என்றார் அவர். நான் நிறுத்தவில்லை.

இப்போது பத்திரிகை வேலையாக அடிக்கடி டில்லிக்குப் பறக்கிறேன். இன்றும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல்தான் ஆகிறது. ஆரணியில் அந்தப் படிப்பகம் இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன முறை போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. முழுப் பெயரைப் படித்துவிட்டு, யார் இவர் என்று இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதன் கீழே யாரோ கரியால் "ஜெட்டு" என்று எழுதியிருந்தார்கள்.

எழுதியது நான் அல்ல. அழிக்கவும் இல்லை.