ஆயுதத் தடை அறிவித்தல்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல். நெஞ்சைப் பிடித்தபடி வந்த என் மனைவியின் தம்பி சிவம் கதவோடு நின்றுவிடுகிறான். உள்ளே, கைதி ஒருவனுக்குக் காவலாக வந்த பொலிஸ்காரர் இடுப்பில் துவக்கோடு நிற்கிறார். சிவம் தன்னையறியாமல் சட்டையைத் தூக்கி வெறும் வயிற்றைக் காட்டுகிறான். உடம்பில் குண்டு கட்டியில்லை என்று காட்டும் யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிப் பழக்கம்.

"அங்கிள், சேர்ட்டை விடுங்கோ. அவர் உங்களுக்காக வரேல்லை," என்கிறாள் வாசல் காவலில் நிற்கும் தமிழ்ப் பெண்.

"நான் உள்ளுக்கை வரமாட்டன்." அவனுக்கு வியர்த்து ஊற்றுகிறது.

ஊரில் முப்பது வருடம் மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவன் நான், சும்மா இருப்பேனா? "கடமையில இருக்கிற பொலிஸ் ஆயுதம் வைச்சிருக்கலாமடா. மற்ற ஆக்களுக்குத்தான் தடை. உந்தா, போர்டில கிடக்கு."

"சண்டைக்காலத்தில உங்கட ஆஸ்பத்திரி வாசல்லையும் போர்டு இருந்தது, அத்தான். ஆயுதம் கொண்டு வரவேண்டாம் எண்டு, உங்கட கையெழுத்தோட. அதைத் தாண்டித்தானே துவக்கோட வந்தவங்கள்?"

மூன்று மொழிகளில் எழுதுவித்த அறிவித்தல் அது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

பொலிஸ்காரருக்கும் சிவத்துக்கும் நடுவில் போய் நிற்கிறேன். துவக்கு இப்போது என் முதுகுப் பக்கம்.

"இப்ப வா."

சட்டையை இறக்கிவிட்டு, அவன் என் தோளைப் பிடிக்கிறான்.