உள்ளே ஒட்டிய பெயர்

என் பிரஸ்ஸுக்கு வருகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். காகிதத்தைத் திட்டுகிற ஒரே ஆள் மில்லிதான். கிட்டாருக்குள் ஒட்டுகிற லேபிளுக்காக முதல் நாள் வந்தபோதே பதினோரு வகைக் காகிதத்தை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் ஜென்ம விரோதி மாதிரி பார்த்தாள். வழவழப்பானதைப் பார்த்து, பல்லிளிக்கிறது என்றாள். வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து, கிட்டாருக்குள் டியூப்லைட்டா மாட்டப் போகிறோம் என்று கேட்டாள். மீதி மூன்றை ஒரு மூலையில் கிழித்து, உள்ளங்கையில் வைத்து, கண்ணாடி துடைக்கிறவள் போல 'ஹா' என்று ஊதினாள்.

ஊதினால் காகிதம் ஒரு பக்கமாகச் சுருளும். அதை வைத்து அதன் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பாள். கிட்டாரின் முதுகுப் பலகையில் மர நார் ஓடுகிற திசையிலேயே லேபிளின் நாரும் ஓட வேண்டுமாம். மாறினால், வெயில் காலத்தில் மரம் ஒரு பக்கம் இழுக்கும், காகிதம் ஒரு பக்கம் இழுக்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும். பிறகு கம்பியைத் தட்டும்போதெல்லாம் உள்ளே ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இரையும். முப்பது வருடமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிற எனக்கு இதை அவள் சொல்லிக் கொடுத்தாள், அதுவும் முறைத்துக்கொண்டே.

எதை எடுத்தாலும் ஸ்கேலை வைத்து, அரை மில்லி குறைகிறது, கால் மில்லி கூடுகிறது என்பாள். அப்படித்தான் தெருவில் மில்லி என்று பெயர் வந்தது. புதிதாகக் குடிவந்த ஒருவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, குடிப்பழக்கத்தை விட்டுவிடும்மா என்று அக்கறையாகப் புத்தி சொன்னார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவரை முக்குவரை துரத்தினாள்.

அடுத்த தெருவில் இருக்கிறது அவள் அண்ணனின் பட்டறை. கிட்டார் செய்கிற ஆள், தெருவுக்கு மாஸ்டர். ஒரு காலத்தில் நல்ல கைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ சிந்தியது, பிறகு உளி தவறியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பதினைந்து வயதிலிருந்து பக்கத்து மேஜையில் மரம் இழைத்துக்கொண்டிருந்த தங்கை அன்றைக்கு அவர் மேஜைக்கு நகர்ந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கிட்டாரும் அவள் இழைத்தது, அவள் பலகையைத் தட்டிச் சத்தம் பார்த்தது, அவள் ஒட்டி மூடியது.

மாஸ்டர் முன்னறையில் சலவை செய்த ஏப்ரனோடு உட்கார்ந்திருப்பார். வாங்க வருகிறவர்களிடம் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே பேசுவார். அதை அவர்கள் கம்பீரம் என்று நினைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லேபிளில் அச்சடித்த பெயர் அவருடையது. முதுகுப் பலகையை ஒட்டி மூடுவதற்கு முன்னால் அதில் நம்பரும் வருடமும் எழுதி, செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மூடிவிட்டால் பிறகு உள்ளே பேனா போகாது. அந்தக் கையெழுத்தையும் இவள்தான் போட்டாள், அண்ணன் எழுத்தில். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பேர் அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், சத்தம் என்னுடையதுதானே என்றாள். அன்றைக்கு அதை அவள் நம்பித்தான் சொன்னாள்.

போன வருடம் மாஸ்டர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்கு வந்தார். மகன் செல்போன் உறை விற்கிறவன். கிட்டாரைத் துடைப்பம் மாதிரி தூக்குவான். புது லேபிள் வேண்டுமாம், ஐந்நூறு. தன் பெயரைச் சொல்லி, அதற்குக் கீழே 'மகனுடன் இணைந்து' என்று போடச் சொன்னார். உங்கள் தங்கச்சி பெயர் என்று இழுத்தேன்.

"அவ எடுபிடிக்கு இருக்கா" என்றார் மாஸ்டர்.

அந்த நிமிஷமே வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். ஆர்டரை எழுதிக்கொண்டேன். அதற்காக இன்னும் என்மேல் எனக்கே கடுப்புதான்.

காகிதம் தேர்ந்தெடுக்க வழக்கம்போல மில்லியைத்தான் அனுப்பினார்கள். என்ன அச்சடிக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. புரூஃபை நீட்டினேன். படித்தாள். ஸ்கேலை வைத்து ஓரங்களை அளந்தாள். இடது பக்கம் அரை மில்லி கூட விடச் சொன்னாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு நின்றேன்.

நேராக வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். யார் பெயரையும் எடுக்க வேண்டாம், மூன்றாவதாக என் பெயரும் இருக்கட்டும் என்றுதான். முடியாது என்றிருக்கிறார். ஏன் என்று விடாமல் கேட்ட பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"உன் பேரப் பாத்தா என் கை போயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

இத்தனை வருடம் உட்காரவைத்துச் சோறு போட்டது போதாதா என்று அண்ணி சமையலறையிலிருந்தே கேட்டாளாம். அந்தச் சமையலறையில் அடுப்பு எரிவதே இவள் கை உழைப்பால்தான். மறுநாள் பிரஸ்ஸுக்கு வந்து மில்லி என்னவோ இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, தனக்கு ஒரு லேபிள் வேண்டும் என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்க, பிரஸ்காரரே. என் பேர்ல."

ஒரே ஒரு லேபிளுக்காக எழுத்துக் கோத்து, மெஷினைக் கழுவி, புது மை போட்டேன். நல்ல காகிதமாக ஒன்று ஒளித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அண்ணனுக்குப் போடுகிற அதே பருத்திக் காகிதம் போதும் என்றாள். அதிலும் நான்கைந்தை ஊதிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். ஈரம் காயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கச்சேரிக்காரர் சொல்லிவைத்திருந்த கிட்டார் அப்போது முடிகிற நிலையில் இருந்தது. அதற்குள் தன் லேபிளை ஒட்டி, முதல்தடவையாகத் தன் கையெழுத்தைப் போட்டு, பலகையை மூடிவிட்டாள்.

கச்சேரிக்காரர் நாலு மணிக்கு வருவதாக இருந்த நாளில் ஐந்நூறு லேபிளையும் கட்டி எடுத்துக்கொண்டு நான் பட்டறைக்குப் போனேன். போன நேரம், மகன் போட்டோ எடுப்பதற்காகக் கிட்டாரின் நடுவிலுள்ள வட்ட ஓட்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். அப்பாவைக் கூப்பிட்டான். மாஸ்டர் குனிந்து பார்த்தார். மில்லி மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யார் ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பசை வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைத்தால் விட்டுவிடும். அந்தப் பட்டறையில் அது பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும். மாஸ்டருக்குப் பத்து நிமிஷம் பொறுக்கவில்லை. நீளப்பிடி உளியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். தன் கை நடுங்கும் என்பது அவருக்கு நினைவில்லை. ஒன்பது வருடம் ஊரை ஏமாற்றி ஏமாற்றி, தானே அந்தக் கிட்டார்களையெல்லாம் செய்ததாக அவரே நம்பிவிட்டார். வேறு என்ன சொல்ல.

டப் என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு மில்லி கனமுள்ள பலகை, உளி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அங்கிருந்து அடிவரை ஒரு விரிசல் ஓடியது.

மாஸ்டர் உளியைக் கீழே வைத்தார், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? எடுத்து சரி பண்ணு" என்றார். மணி மூன்றாகிவிட்டது அத்தை என்று மகன் குழைந்தான்.

மில்லி ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். "பேரச் சுரண்டியாச்சு இல்ல? வேலையையும் நீயே பாத்துக்கோ" என்றாள். தன் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டாள். ஐந்நூறு லேபிளை அங்கேயே போட்டுவிட்டு நானும் நடந்தேன்.

பிரஸ்ஸுக்குப் பின்னால் காகிதக் கட்டு அடுக்குகிற அறையை ஒழித்துக் கொடுத்தேன். எட்டு நாள் அங்கே தனக்கு மேஜை செய்துகொண்டிருந்தாள். பட்டறையில் என்ன நடந்தது என்பது தெருவுக்கே தெரியும். கிட்டார் கீழே விழுந்துவிட்டது, நானே சரிசெய்து தருகிறேன் என்று கச்சேரிக்காரரிடம் மாஸ்டர் ஜம்பமாகச் சொல்லியிருக்கிறார். மகன் செல்போனில் வீடியோ பார்த்து விரிசலில் ஏதோ பசையை ஊற்றி, பலகையைக் கறையாக்கி, விரிசலை இன்னும் நீளமாக்கியிருக்கிறான்.

ஒன்பதாம் நாள் காலையில் மாஸ்டர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கச்சேரிக்காரர் விடாமல் கூடவே வந்து, வாசலில் கடுகடுவென்று நின்றார். மாஸ்டர் பின்னறைக்குப் போகவில்லை. என் மேஜையருகில் நின்று, ஏதோ என்னிடம்தான் வேலை என்பது போல, இந்தக் கிட்டாருக்கு ஒரு லேபிள் அடிக்க வேண்டும் என்றார்.

மில்லி அறையிலிருந்து வந்தாள். கிட்டாரை வாங்கி முதுகைத் தடவினாள். அந்தக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். யார் பெயரில் லேபிள் என்று கேட்டாள்.

மாஸ்டர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேஜையில் கிடந்த ஆர்டர் சீட்டை இழுத்து, பென்சிலை எடுத்தார். கை ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். ஒரு பெயர் எழுத அத்தனை நேரம் எடுத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. சீட்டை அவள் பக்கம் தள்ளினார்.

என் இடத்திலிருந்தே எனக்குப் படிக்க முடிந்தது. கோணல்மாணலாக, கோழி கிளறின மாதிரி, அவள் பெயர்தான். மில்லி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"படிக்க முடியல" என்றாள். "வாயால சொல்லுண்ணே. வாசல்ல நிக்கறவருக்கும் கேக்கணும்."

கச்சேரிக்காரர் இரண்டடி உள்ளே வந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நான் நிறுத்தினேன். மாஸ்டர் கச்சேரிக்காரர் பக்கம் திரும்பினார். இவள் செய்தது என்றார், ஒன்பது வருடமாக எல்லாமே இவள் செய்தது என்றார், முழுப் பெயரையும் சொன்னார்.

சொல்லிவிட்டு உட்கார எதையாவது தேடினார். என் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. நான் நகர்த்திக் கொடுக்கவில்லை.