கோதண்டபாணி எழுத மறுத்த வரி

கோதண்டபாணி போய்விட்டார் என்று உத்திரமேரூரிலிருந்து அவர் தம்பி போன் செய்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டுப் போக இந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது?

செங்கல்பட்டுப் பரிசோதனைக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு புரதம் அவரை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று. உயிரணுக்களின் மேலிருக்கும் சர்க்கரைத் துணுக்குகளைப் பற்றிக்கொள்ளும் புரதம் அது. வயிற்றுப் புற்றுநோய்த் திசுவில் சாயமேற்றினால் அது இருக்குமிடம் பழுப்பாகத் தெரியும். நோய் தொடங்கும்போதே அது கூடுகிறதா, முற்றிய பிறகுதானா? தொடக்கத்திலேயே என்றால், சீக்கிரம் கண்டுபிடிக்க வழி கிடைக்கலாம். ஆனால் எங்களுக்கு வந்ததெல்லாம் முற்றிய வயிறு. வாயு என்று சோடா குடித்தே காலம் தள்ளிவிட்டு, சோறு இறங்காதபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். "லேட்டா வர்றவங்க வயித்துல ஆரம்பத்தை எங்கம்மா தேடறது?" என்பார்.

ஒரே ஒருமுறை வந்தது. அவர் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் காமிரா விட்டுப் பார்த்ததில் தொடக்கநிலை என்று தெரிந்து, காஞ்சிபுரத்தில் அறுவை நடந்தது. வெட்டியெடுத்த திசுவை, அழுகாமலிருக்க, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்போது அதுதான் வழக்கம். அந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து எங்களிடம் வந்தார். திறந்தால் அழுகல் வாடை.

"பஸ்ஸுல ஒரே நெடி, எறங்குன்னு கத்திக்கினே இருந்தாங்கமா. அதான் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன்" என்றார்.

எனக்குத் தலை வெடித்தது. கோதண்டபாணியோ, "நைனா எப்படி கீறாரு?" என்று கேட்டார். கஞ்சி குடிக்கிறாராம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அப்படி இன்னொன்று வரவே இல்லை. கட்டுரை எழுதும்போது, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இது உதவும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேலிடத்தில் நச்சரித்தார்கள். நானும் கெஞ்சினேன். "பார்க்காததை எப்படிம்மா எழுதுவேன்?" என்றார். கட்டுரையை எந்த ஆய்விதழும் போடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். அது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அறிக்கையில் உறுதியில்லாத இடம் வந்தால், எதையாவது எழுதி முடித்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. 'தெரியவில்லை' என்று எழுதி, அவரைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறேன்.