மஞ்சள் சீட்டு ஒட்டிய பாட்டில்

“மாமா, பாட்டில் வந்துடுச்சி. அசல்தானான்னு நீங்க பாத்து சொன்னாதான் எனக்கு நிம்மதி.”

போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவன் என் மனைவியின் கடைசித் தம்பி. சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலை நகரில் குடியிருக்கிறான். நான் இருப்பது கடலூரில். செய்திகளை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பாட்டிலில் இருந்தது பெல்ஜியத்து பீர். விஸ்கி வைத்திருந்த மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கன்னங்கரேலென்று கெட்டியாக எடுப்பார்களாம். தயாரிப்பதே கொஞ்சம்தான். பழைய வருடத்துச் சரக்கு அந்த நாட்டுக் கடைகளிலேயே கிடைக்காது. வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றிக்கொள்வார்கள். சின்னவன் தன்னிடம் இருந்த இரண்டு நல்ல பாட்டில்களைக் கொடுத்து, முகம் தெரியாத ஒரு பெங்களூர்க்காரரிடமிருந்து இதை வாங்கியிருந்தான்.

அவன் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அவனுடைய அண்ணன். பெரியவனுக்கு பெல்ஜியத்தில் வேலை. சில வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியைச் சின்னவன் வைத்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்கு முன்பு ஒரு விடுமுறையில் பெரியவன் இதே வருடத்து பீர் ஒன்றைக் கொண்டுவந்து, இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பங்குபோட்டுக் குடித்திருக்கிறார்கள். இப்போது அண்ணன் வருகிறான் என்று தெரிந்ததும் சின்னவன் அதையே தேடிப் பிடித்துவிட்டான். வாய்விட்டு “பேசலாம் வா” என்று சொல்ல வராதவன் கண்டுபிடித்த வழி அது.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் படித்துப் பார்க்காமல் இறங்கமாட்டேன். காலி பாட்டிலில் சாதாரண கறுப்பு பீரை ஊற்றி, புது மூடி போட்டு, மெழுகில் முக்கி ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்று படித்திருந்தேன். பூதக்கண்ணாடியோடு பஸ் ஏறினேன். லேபிளின் ஓரங்கள், கழுத்தில் பீர் நின்ற மட்டம், அடியில் தங்கிய வண்டல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் நான் பார்த்த படங்களில் மூடியின் மேல் இருந்த மெழுகு பழுப்பு நிறம், இதில் சிவப்பு. பாட்டிலில் அச்சடித்த தேதியும் பாதி தேய்ந்திருந்தது.

“சந்தேகமா இருக்கு மச்சான்.”

“எத்தன பர்சென்ட் மாமா?”

“பர்சென்ட்லாம் கெடயாது. அசலு, இல்லன்னா போலி.”

“தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்ல?”

“தொறந்துட்டா அப்பறம் அண்ணனுக்கு என்னத்த குடுப்ப?”

எங்கள் ஆலையில் சோதனை முடிவு வராத சரக்கின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். பச்சைச் சீட்டு ஒட்டும்வரை அதை யாரும் நகர்த்தக்கூடாது. அந்த வழக்கத்திலேயே ஒரு மஞ்சள் காகிதத்தில் ‘சோதனையில்’ என்று எழுதி, தேதியும் போட்டு, பாட்டிலின் மேல் ஒட்டினேன்.

“ரிட்டையர் ஆயும் டியூட்டி முடியலயா மாமா?” என்று சின்னவன் சிரித்தான். பீர் தயாரித்த கம்பெனிக்குப் படங்களுடன் எழுதினேன். பதில் வரும்வரை தொடக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பதில் வருவதற்குள் பெரியவன் வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அண்ணனும் தம்பியும் என்னிடம் பேசினார்கள், அக்காவிடம் பேசினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்த பெரியவன் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தான்.

“டேய், இது எங்கடா கெடச்சுது?”

அத்தனை வருடம் கழித்து அவன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

“மாத்தி வாங்கனேன்ணா. நீ வரேன்னு சொன்னாங்க...” என்றான் சின்னவன்.

“அப்பறம் என்ன, நான் டம்ளர் எடுத்தாறேன். தொறங்கடா,” என்று என் மனைவி எழுந்துவிட்டாள்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அவசரப்படாத. மெழுகு நெறம் ஒத்து வரல. கம்பெனிக்கு எழுதியிருக்கேன். போலியா இருந்தா நல்லாருக்குமா?” என்றேன்.

பெரியவன் மஞ்சள் சீட்டைப் படித்தான். தம்பியைப் பார்த்தான். தம்பி என்னைப் பார்த்தான்.

“சரி மாமா. சர்டிபிகேட் வந்தப்பறம் பாத்துக்கலாம்,” என்று சொல்லி, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து பிரிட்ஜை மூடினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் கீரப்பாளையத்தில் இருக்கும் அப்பாவின் பழைய வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். அந்த வார முடிவில் விமானம் ஏறிவிட்டான்.

கம்பெனியின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. மெழுகு கையால் முக்குவது, நிறம் முன்னே பின்னே இருக்கும், தேதி தெளிவாகத் தெரியாமல் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன்.

“உடுங்க மாமா. அண்ணன்தான் ஊருக்குப் போயிடுச்சே. இனிமே அது அசலா இருந்தா என்ன, டூப்பா இருந்தா என்ன,” என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் இல்லை. அன்று பெரியவன் தோளில் மாட்டி வந்த பையில் லுங்கியும் மாற்றுச் சட்டையும் இருந்தன, தம்பி வீட்டில் ராத்தங்கும் எண்ணத்தோடுதான் அவன் வந்தான் என்று என் மனைவி சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. எதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் விடாத நான், இந்த ஒன்றை மட்டும் பெரியவனிடம் கேட்கத் துணிச்சல் இல்லாமல் இன்றுவரை உறுதி செய்யாமலே வைத்திருக்கிறேன்.