ஹாரன் கேட்டுப் பிடுங்கிய பென் டிரைவ்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் செல்போன் கடையில், என் போனிலிருந்த மகள் கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் ஃபைல் மேனேஜரைத் திறந்தாள்.

"மூவ் கொடும்மா. போன்லயும் இடம் காலியாகும், ஒரே வேலையா முடியும்" என்றேன்.

"காப்பி மட்டும் எடுக்குதேன் அண்ணாச்சி, போன்லயும் படம் இருக்கட்டும். சரிபார்த்துட்டு நீங்களே அழிங்க."

எனக்கு எரிச்சல். படங்கள் பாதி ஏறும்போதே நான் போகவேண்டிய வாசுதேவநல்லூர் பஸ் ஹாரன் அடித்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டேன். அவள் திரும்பச் செருகிப் பார்த்தபோது தாலி கட்டும் படமே அதில் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. போனைக் காட்டினாள், எல்லாம் அப்படியே இருந்தன.

பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஹாரன் கேட்டா எல்லாரும் பிடுங்கத்தான் செய்யுதாவ அண்ணாச்சி. அதான் நான் மூவே கொடுக்கதில்ல."